தொட்டில் கம்பியில் ஒரு தீவு

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் சுவரில் தடுப்பூசி அட்டவணை ஒன்று தொங்கியது. பக்கத்தில் கை கழுவுவது எப்படி என்று காட்டும் படம். இரண்டுக்கும் நடுவே, கூரை வரைக்கும், அறுபத்தொரு வண்ண அட்டைகள். பனி மூடிய மலை, ஒட்டகம், மணிக்கூண்டு, பாய்மரப் படகு, என்ன இனமென்று யாருக்கும் தெரியாத ஒரு நீலப் பறவை. புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவ மாது முதல் நாளே கேட்டார்.

“புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கவா இதெல்லாம்?”

“இல்லீங்க மிஸ். இது என்னோடது,” என்றாள் பூரணி.

பூரணிக்கு வயது நாற்பத்து நான்கு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த ஒற்றை மண்டபத்தைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். காலை ஏழு மணிக்குப் பதினொரு பிள்ளைகள் வந்து சேரும். மாலை நாலரைக்குத் திரும்பிப் போகும். இடையில் பால், கஞ்சி, மூக்குச்சளி, ஈரத்துணி, சண்டை, சமாதானம். பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாம் உறங்கிவிடும். அப்போது பூரணி உலகம் சுற்றப் புறப்படுவாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வானொலி திருத்தும் மஃறூப் நாநாவின் கடையில் அவள் ஒரு பழைய பெட்டியை வாங்கினாள். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு மறந்துபோன பெட்டி. பாட்டுக் கேட்கத்தான் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து திருகினால் இரைச்சல்தான். தோட்டம் கிடப்பது மூன்று மலைக்கு நடுவிலிருக்கும் பள்ளத்தில், எஃப்.எம். அலை மலையைத் தாண்டி இறங்குவதில்லை. கோபத்தில் இன்னொரு பொத்தானைத் தட்டி, முள்ளை ஓட்டினாள். யாரோ ஒரு பெண் கணீரென்று ஆங்கிலத்தில் ஒரு முகவரியைச் சொன்னாள். எங்கள் நிகழ்ச்சி உங்களுக்கு எப்படிக் கேட்கிறது, எழுதுங்கள் என்றாள்.

பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பூரணி எழுதினாள். நன்றாகக் கேட்கிறது, நடுவில் ஒரு முறை போய்விட்டு வந்தது, எங்கள் ஊரில் மழை. ஆறு வாரத்தில் ஓர் அட்டை வந்தது. முன்பக்கம் பனிமலை. பின்பக்கம், இன்ன நாளில் இன்ன நேரத்தில் நீங்கள் கேட்டது எங்கள் நிலையத்தைத்தான் என்று கையொப்பமிட்ட அத்தாட்சி.

அன்றிலிருந்து விடவில்லை. சிற்றலை வானொலி கேட்பவர்களுக்கு உலகம் முழுக்க இதுதான் விளையாட்டு. தூரத்து நிலையத்தைப் பிடிக்க வேண்டும். என்ன கேட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாக என்று அறிக்கை எழுத வேண்டும். நிலையம் அதைத் தன் பதிவோடு ஒப்பிட்டுச் சரியென்று கண்டால் அட்டை அனுப்பும். கைத்தொலைபேசியில் எந்த நாட்டு வானொலியும் கிடைக்கிறதே, பிறகெதற்கு இந்தப் பாடு என்று மருத்துவ மாது கேட்டார்.

“மீன கடையில வாங்கலாந்தான் மிஸ். தூண்டில் போட்டவன்கிட்ட போயி அதைச் சொல்லிப் பாருங்க,” என்றாள் பூரணி.

அவளுடைய தூண்டில் தொட்டில் கம்பி. மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை இருபத்தெட்டு அடி நீளத்துக்குத் தடித்த இரும்புக் கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறது. அதில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கொரு சேலைத் தொட்டில். கம்பியின் ஒரு நுனியில் சின்ன வயரைச் சுற்றி வானொலிக்குக் கொண்டுவந்தால் கேட்காத ஊரெல்லாம் கேட்கும். தோட்டத்திலேயே மின்சாரம் இல்லாத கட்டடம் அது ஒன்றுதான் என்பதால் மின்விளக்கின் இரைச்சலும் கிடையாது. மின்சாரம் இழுத்துத் தரட்டுமா என்று தொழிற்சங்கம் இரண்டு முறை கேட்டபோது, அவசரமில்லை என்று இரண்டு முறையும் சொன்னவள் பூரணிதான்.

அட்டைகள் தோட்டத்து ஒபிசுக்கு வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகளுக்கு இலக்கம் கிடையாது. தபால்காரர் ஒபிசோடு திரும்பிவிடுவார். அங்கே கிளாக்கர் ஜெயகாந்தன் இருக்கிறார். மூடாத அட்டையைப் படிக்காமல் கொடுப்பது அவருக்கு வாசனை பார்க்காமல் தேநீர் குடிப்பது மாதிரி. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் வாசித்துக் காட்டித்தான் கையில் தருவார்.

“பூரணிக்கு ஒட்டகம் வந்திருக்கு! ஒட்டகத்துக்கு நம்ம தோட்டம் நல்லாக் கேக்குதாம்!”

பெரட்டே சிரிக்கும். பூரணியும் சிரித்துக்கொண்டே வாங்கி, துடைத்து, சேலைக்குள் வைத்துக்கொள்வாள்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தீவு வரும் வரை.

வெகுதூரத்துக் கடலில் உள்ள சின்னத் தீவு. சின்ன வானொலி நிலையம். கேட்டவர்கள் குறைவு, அட்டை வைத்திருப்பவர்கள் அதைவிடக் குறைவு. பிற்பகல் மூன்றரையிலிருந்து நான்கு மணி வரை அரை மணித்தியாலம் மட்டும் ஒலிபரப்பு. அது கேட்கும் இடத்தைப் பூரணி பன்னிரண்டு வருடமாகத் தடவிக்கொண்டிருந்தாள். கடந்த ஜனவரியில் ஒரு நாள் சங்கு ஊதுவது போன்ற மெட்டொன்று மெல்லக் கசிந்தது. கையிலிருந்த கஞ்சிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

உடனே அறிக்கை எழுதினாள். சத்தம் மெல்லியது, இரண்டு விநாடிக்கொரு முறை மங்கி மங்கி வருகிறது, பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்கிறது. தீவின் பொறியியலாளர் அம்மையார் மரியாதையாகப் பதில் போட்டார். எங்கள் அலை அப்படி ஒழுங்காக மங்குவதில்லை. நீங்கள் கேட்டது வேறு நிலையமாக இருக்கலாம். உறுதிசெய்ய முடியாமைக்கு வருந்துகிறேன். பூரணி மார்ச்சில் மறுபடி எழுதினாள். அதே மங்கல், அதே பதில். மே மாதம் மூன்றாவது தடவை. மூன்றாவது பதிலின் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஜூலை கடைசி வெள்ளிக்கிழமையோடு எங்கள் சிற்றலை ஒலிபரப்பு நிரந்தரமாக நிற்கிறது. அன்றைய நிகழ்ச்சிக்கு வரும் சரியான அறிக்கைகளுக்குக் கடைசி அட்டை வழங்கப்படும்.

ஜெயகாந்தன் அந்தக் கடிதத்தைப் பெரட்டில் வாசிக்கவில்லை. உறைக்குள் வந்ததால் மட்டுமில்லை. பூரணியின் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, எந்த மிருகமும் வரலியா?” என்று மெதுவாகக் கேட்டதோடு விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானொலியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள்.

மஃறூப் நாநா பெட்டியைக் கழற்றினார். ஊதினார், தட்டினார், ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைத்த இடத்தில் ஆட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, இதுல ஒரு குத்தமும் இல்ல. என்னை விட ஆரோக்கியமா இருக்கு.”

“அப்ப ஏன் நாநா அது மட்டும் வந்து வந்து போகுது?”

“மத்த ஸ்டேஷன்?”

“மத்ததெல்லாம் பெரிய ஸ்டேஷன். கத்துறது கத்திக்கிட்டே இருக்கும். இந்தத் தீவுதான் மெல்லிசு.”

நாநா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“நீங்க கேக்குற நேரம் வேற என்ன செய்றீங்க? அடுப்பு, மோட்டர், ஏதாச்சும் ஓடுதா?”

“ஒண்ணுமில்ல நாநா. சும்மாதான் உக்காந்திருப்பேன்.”

“சும்மாதானா?”

“சும்மாதான்.”

நாநாவுக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. “ஒண்ணு செய்ங்க. கைக்கடிகாரத்தை வெச்சு எண்ணுங்க. நிமிசத்துக்கு எத்தனை தரம் மங்குதுன்னு சரியா எண்ணிட்டு வாங்க. வானத்துல வார மங்கல் இப்படித் தாளம் போடாது. ஏதோ ஒண்ணு ஆடுது. எதுன்னு கண்டுபிடிச்சாச் சரி,” என்று பெட்டியை மூடிக் கொடுத்தார்.

வானத்திலிருந்து வரவில்லையென்றால் எங்கிருந்து? பூரணி வழி முழுக்க யோசித்தாள். கம்பியைக் காற்று ஆட்டுகிறதா? மண்டபத்தின் ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரமா? அது ஒன்றரை மைலுக்கு அப்பால்.

ஜூலை கடைசி வெள்ளி. காலையிலேயே கொத்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளை, மழை இறங்கவில்லை. புது பற்றறி போட்டாள். எழுதக் கொப்பி, இரண்டு பேனா, அட்டவணை ஆணியில் மாட்டிய கைக்கடிகாரம். பதினோராவது பிள்ளை மூன்று மணிக்குத்தான் உறங்கியது. அது மதுரன். பத்து மாதம். மற்றப் பத்தும் தொட்டிலில் போட்டால் மூட்டை மாதிரி உறங்கிவிடும். மதுரனுக்கு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு கண் திறக்கும்; இன்னும் நிறுத்தினால் ஊரே விழிக்கும். அவன் வந்த ஜனவரியிலிருந்து பூரணி அவன் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுநுனியைத் தன் வலதுகாலின் பெருவிரலில் மாட்டிக்கொண்டிருந்தாள். கைக்கு வேலை இருக்கிறதே.

மூன்றரை. சங்கு மெட்டு கசிந்தது. தீவு வந்துவிட்டது, கூடவே மங்கலும். அறிவிப்பாளர் ஏதோ பெயர்கள் வாசிக்கிறார். பாதிப் பெயர் வருகிறது, பாதி மூழ்குகிறது. நாநா சொன்னது ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

முப்பது எண்ணி முடிக்கையில் சரியாக ஒரு நிமிடம். மறுபடி எண்ணினாள். மறுபடியும் முப்பது. மூன்றாம் முறை எண்ணுகையில், பதினேழாவதில் அவள் பார்வை கடிகாரத்திலிருந்து தன் காலுக்கு இறங்கியது. பெருவிரல் இழுக்கிறது, விடுகிறது. பதினெட்டு. இழுக்கிறது, விடுகிறது. பத்தொன்பது.

பூரணி காலை நிறுத்தினாள்.

மங்கல் நின்றது. தெள்ளத்தெளிவாக ஒரு பெண் குரல், பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல, மண்டபத்துக்குள் வந்து நின்றது.

காலை ஆட்டினாள். குரல் மூழ்கியது. நிறுத்தினாள். வந்தது. மேலே பார்த்தாள். மதுரனின் தொட்டில் கொக்கி துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. தொட்டில் ஒவ்வொரு தடவை ஆடும்போதும் அந்தத் துரு கம்பியில் உரசி, வானொலிக்கு வரும் அலையைக் கலைத்தது. ஏழு மாதமாகத் தீவின் குரலை அறுத்துக்கொண்டிருந்தது அவளுடைய சொந்தக் கால்தான். சும்மாதான் இருப்பேன் என்று நாநாவிடம் சொன்னாளே! தொட்டிலாட்டுவதை அவள் ஒரு வேலையாக நினைத்தே வருடக்கணக்காகிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. மதுரன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதை. பிறகு வாயை.

ஆட்டினால் தீவு போகும். ஆட்டாவிட்டால் மதுரனின் அலறலில் தீவு போகும். தூக்கி இடுப்பில் வைத்தாள். இன்னும் ஓங்கி அலறினான். அவனுக்குத் தொட்டில் வேண்டும், இல்லாவிட்டால் தாய் வேண்டும். வானொலியை வெளியே கொண்டு போகலாமா? கம்பியில்லாமல் அது வெறும் பெட்டி. மணி மூன்று நாற்பத்திரண்டு. நிலையத்தின் பெயரைச் சொல்லி முடிக்கும் அறிவிப்பு நான்கு மணிக்குச் சற்று முன்பு வரும். அது தெளிவாகக் கேட்டு எழுதாத அறிக்கைக்கு அட்டை கிடையாது. இன்றைக்குப் பிறகு அறிவிப்பும் கிடையாது.

மதுரனின் தாய் ஜீவராணி மேலே ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். பூரணி மதுரனை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, இரண்டு கையையும் வாயில் குவிக்க முடியாததால் ஒரு கையைக் குவித்து, வயிறு ஒட்டக் கத்தினாள்.

“ஏய் ஜீவராணீ! எறங்கி வாடீ! சுருக்கா!”

பிள்ளைக்காம்பரா வாசலிலிருந்து அப்படி ஒரு சத்தம் பத்தொன்பது வருடத்தில் எழுந்ததில்லை. ஏழாம் நம்பர் மலை அப்படியே நின்றது. அடுத்த நொடி ஜீவராணி கொழுந்துப் பையோடு பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பத்துத் தாய்மாரும். யாருடைய பிள்ளைக்கு என்னவென்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்குப் பின்னால், மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாயாண்டி, குடையை விசிறிக்கொண்டு.

“கொழுந்து நிறுவைக்கு முன்னாடி யாரைக் கேட்டு மலைய விட்டீங்க? ஏய்! நில்லுங்கறேன்!”

யாரும் நிற்கவில்லை. ஜீவராணி மூச்சு வாங்க வாசலில் வந்து விழுந்தாள்.

“அக்கா! புள்ளைக்கு என்னக்கா?”

“புள்ளைக்கு ஒண்ணுமில்லடி. ரேடியோவுக்குத்தான்.”

பதினொரு பேரும் சேர்ந்து திட்டத் தொடங்கினார்கள். என் உசிரு தொண்டைக்கு வந்திருச்சு, கால் பிரண்டிருச்சு, இந்தப் பொம்பளைக்குப் பைத்தியம், பாதிக் கொழுந்து வழியில கொட்டிருச்சு. அந்தச் சத்தத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பிள்ளைகளும் விழித்து அழத் தொடங்கின. மணி மூன்று நாற்பத்தொன்பது.

“எல்லாரும் என்னை நாளைக்கு வெச்சுத் திட்டுங்க. பெரட்டுல வெச்சுக்கூடத் திட்டுங்க,” என்றாள் பூரணி. “இப்ப ஆளுக்கொரு புள்ளையத் தூக்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டுப் பத்து நிமிசம் பேசாம நில்லுங்கடி. அந்தத் தீவு இன்னிக்கோட மூடுதாம். ஏழு மாசமா அவங்க நம்பவே இல்ல. நான் பொய் சொல்றவன்னு நெனைச்சிருப்பாங்கடி.”

முதலில் ஜீவராணிதான் அசைந்தாள். மதுரனை வாங்கி மாராப்புக்குள் வைத்தாள். அலறல் குழாயைத் திருகி மூடியது போல நின்றது. மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் தங்கள் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்தார்கள். பதினொரு தொட்டிலும் வெறுமையாகி, கம்பி கொஞ்சம் மேலே எழும்பி நின்றது.

வாசலை அடைத்துக்கொண்டு மாயாண்டி வந்து சேர்ந்தார்.

“என்ன நடக்குது இங்க?”

பதினொரு விரல்கள் பதினொரு உதட்டுக்குப் போயின. “ஷ்ஷ்!”

அறுபதை நெருங்கும் மனிதர் அவர். முப்பது வருடமாக அந்த மலையில் அவரை யாரும் அப்படி அடக்கியதில்லை. திகைப்பில் தொப்பியைக் கழற்றிவிட்டார். வானொலியையும் கொப்பியையும் பூரணியின் முகத்தையும் பார்த்தார். “கண்டாக்கு ஐயா வந்தா நீயே பதில் சொல்லிக்க,” என்று, தன் மேலதிகாரியை நினைத்து, காதோடு சொல்லிவிட்டு, மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்துக் காவலுக்கு நின்றுகொண்டார்.

தீவு ஒரு பாட்டுப் போட்டது. கைத்தட்டலும் மரப்பெட்டியைத் தட்டுவது போன்ற தாளமும். பூரணி எழுதினாள். மூன்று ஐம்பத்தொன்று, ஆண்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். மூன்று ஐம்பத்தைந்து, அதே பெண் குரல், நன்றி சொல்கிறாள், நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்ததாகச் சொல்கிறாள். மூன்று ஐம்பத்தெட்டு, நிலையத்தின் பெயர். முழுப் பெயர். அலை எண், தீவின் பெயர், மறுபடி நிலையத்தின் பெயர். ஓர் எழுத்துகூட விழவில்லை. சங்கு மெட்டு. பிறகு, அடுப்பில் கடைசிக் கங்கு அணைவது போல ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பின் வெறும் இரைச்சல்.

பூரணி பேனாவை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்புட்டுத்தானா?” என்றாள் ஜீவராணி.

“அம்புட்டுத்தான்.”

“இதுக்கா எங்கள மலையிலருந்து உருள வெச்சீங்க?”

வாசலில் நின்ற மாயாண்டிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் எல்லோரும். எதற்கென்று தெரியாமலே மதுரனும். அன்றைக்கு மாலைக் கொழுந்து இருபது நிமிடம் தாமதமாக நிறுக்கப்பட்டது. வழியில் கொட்டிய கொழுந்தை எல்லோருமாகக் குனிந்து பொறுக்கினார்கள், பூரணியும் சேர்ந்து. கண்டாக்கு ஐயா அந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் மாயாண்டி என்ன சொல்லியிருப்பார் என்பதில் இன்றைக்கும் ஆளுக்கொரு கருத்து உண்டு.

அன்றே அறிக்கை எழுதினாள். வழக்கமாக, எந்தக் கம்பி கொண்டு கேட்டீர்கள் என்ற இடத்தில் ‘இருபத்தெட்டு அடிக் கம்பி’ என்று மட்டும் போடுவாள். இந்தத் தடவை உண்மை முழுவதையும் எழுதினாள்: கம்பியில் பதினொரு தொட்டில், பழைய மூன்று அறிக்கைகளிலும் மங்கியது உங்கள் அலை இல்லை, என் காலும் ஒரு துருக் கொக்கியும், நீங்கள் நம்பாதது சரிதான், மன்னிக்கவும்.

பதில் ஒன்பது வாரத்துக்குப் பிறகு வந்தது. அது வந்த மறுநாள் காலை பெரட்டில் ஜெயகாந்தன் மேசை மேல் ஏறாத குறை.

“எல்லாரும் கேளுங்க! ஒண்ணு இல்ல, நாலு! நாலு அட்டை! ஜனவரி, மார்ச், மே, ஜூலை. அத்தனையும் பாஸ்!” அடுத்த வரியை அவர் தமிழாக்கித்தான் சொன்னார். “அந்த இஞ்சினியர் அம்மா எழுதியிருக்காங்க: பழைய பதிவையெல்லாம் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், மூன்றும் எங்கள் நிகழ்ச்சியேதான். என் பிள்ளைகளை நானும் தொட்டிலில் வளர்த்தவள். நிமிடத்துக்கு முப்பது கொஞ்சம் வேகம், இருபது போதும்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குள் ஜீவராணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நாலு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என் புள்ள பேரு எங்கக்கா?”

“பேரு போடலடி. கடைசி அட்டையப் பாரு. கம்பிங்கற எடத்துல என்ன எழுதியிருக்காங்க?”

ஜெயகாந்தன் எட்டிப் பார்த்து வாசித்தார். “இருபத்தெட்டு அடி. பதினொரு தொட்டில். எல்லாம் காலி.”

இப்போது பிள்ளைக்காம்பராச் சுவரில் அறுபத்தைந்து அட்டைகள். துருக் கொக்கி மாறிவிட்டது. மஃறூப் நாநா பித்தளையில் ஒன்று கொடுத்தனுப்பினார், அதோடு ஒரு சீட்டும்: ‘சும்மா இருக்கும்போது காலையும் கவனிக்கவும்.’ மதுரன் நடக்கிறான். போன வாரம் சுவரோரம் வைத்திருந்த ஸ்டூலில் ஏறி, கைக்கெட்டிய அட்டையைப் பிடுங்கி மென்றுவிட்டான். அறுபத்தைந்திலும் கைக்கெட்டியது தீவின் ஜூலை அட்டைதான். ஒரு மூலை இல்லை. மருத்துவ மாது பார்த்துவிட்டு, ஐயோ, கண்ணாடி போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று வருந்தினார்.

“இருக்கட்டும் மிஸ்,” என்றாள் பூரணி, மதுரனின் வாயிலிருந்து நனைந்த காகிதத்தை விரலால் வழித்தெடுத்தபடி. “அவனும் ஒரு கையெழுத்துப் போடணுமில்ல.”